பொதிகையின் மேற்குச் சரிவில் ஒரு சிற்றூர்

தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பொதிகை என்பது மேற்குத் திசையில் நிற்கும் மலை. மாலைக் கதிரவன் மறைவது அதன் பின்னால்தான். அம்பாசமுத்திரத்தில் இருபது ஆண்டுகள் அந்தக் காட்சியைக் கண்டு பழகிய நான், விதுரைக்கு வந்த முதல் வாரத்தில் ஒருநாள் விடியற்காலையில் விடுதி மாடியில் நின்றேன். அதே மலைத்தொடரின் பின்னாலிருந்து கதிரவன் எழுந்தான். மலையின் மறுபக்கத்துக்கு வந்துவிட்டோம் என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

நண்பர்களே! நம் வளாகத்தைச் சூழ்ந்து நிற்கும் இம்மலைகளை நாம் இருவகையில் அறிந்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமையன்று இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பொன்முடிக்குச் சென்று, மூடுபனியில் படம் பிடித்துத் திரும்புகிறோம், இது ஒருவகை. தமிழ் தந்த முனிவர் அகத்தியர் உறையும் மலை என்று பெருமையுடன் பேசுகிறோம். இது மற்றொரு வகை. ஒன்று காட்சி; மற்றொன்று கதை. இவ்விரண்டுக்கும் இடையே அம்மலையில் மக்கள் வாழ்கின்றனர் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? அவர்களே காணிக்காரர். அவர்தம் சிற்றூர்களைப் பற்றியும், அவ்வூர்களுக்கும் நாம் பயிலும் விஞ்ஞானத்துக்கும் ஏற்பட்ட ஓர் உறவைப் பற்றியும் நம் மன்றத்து மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல விழைகின்றேன்.

ஊரின் அமைப்பு

விதுரை, திருவனந்தபுரம் மாவட்டத்து நெடுமங்காடு வட்டத்தில் மலையடிவாரத்தே அமைந்த ஊர். கடைத்தெருவும் பேருந்து நிலையமும் உள்ள இவ்வூரைக் கடந்து கிழக்கே சென்றால், கல்லாறு, பேப்பாறை, போணக்காடு என மலை உயர்ந்துகொண்டே போகும். பொன்முடியின் உயரம் சுமார் 1,100 மீட்டர். தொடரின் கொடுமுடியாகிய அகத்தியர்கூடம் 1,868 மீட்டர். மேற்கே பாயும் கரமனையாறும் நெய்யாறும், கிழக்கே பாயும் நம் தாமிரபரணியும் இம்மலைக் கூட்டத்திலேயே பிறக்கின்றன. கரமனையாற்றின் குறுக்கே 1983இல் பேப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அதனைச் சூழ்ந்த 53 சதுர கிலோமீட்டர் காடு வனவிலங்குப் புகலிடமாக்கப்பட்டது. தலைநகரத்தில் குழாயைத் திறப்பவர் குடிப்பது இம்மலைமேல் பெய்த மழையையே.

இக்காட்டினுள்ளும் இதன் ஓரத்திலும் காணிக்காரர் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. பக்கத்து நாட்டார் அவற்றைச் 'செட்டில்மெண்டு' என்றே அழைக்கின்றனர். ஊர் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது தெருவும், கோயிலும், குளமும், நெருங்கி நிற்கும் வீடுகளும் அல்லவா? இங்கே அவ்வாறன்று. ஒரு வீடு ஒரு சரிவில் இருக்கும். அடுத்த வீடு ஓடைக்கு அப்பால் இருக்கும். ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் அதனதன் தோட்டம். அதில் மரச்சீனி, மிளகு, கமுகு, வாழை, இக்காலத்தில் ரப்பரும் உண்டு. முன்னாளில் காட்டை வெட்டி எரித்துப் புனம் செய்து, சில ஆண்டுகளில் வேறிடம் பெயர்வது அவர் வழக்கம். காடு அரசினர் காடான பின்னர் அவ்வழக்கம் மறைந்தது. குடிகள் ஓரிடத்தே நிலைத்தனர். மூங்கிலும் ஓலையும் கொண்டு வேய்ந்த குடில்கள் போய், பெரும்பாலும் கல்லும் சிமிட்டியும் கொண்ட வீடுகள் வந்துவிட்டன. ஆயினும் யானை இன்னும் வருகிறது. விளைந்து நிற்கும் தோட்டத்தை ஓர் இரவில் மிதித்தழித்துவிட்டுப் போகிறது. அதனாலேயே உயர்ந்த மரக்கிளையில் பரண் கட்டி அதில் தங்கிக் காவல் காக்கும் வழக்கம் ஏற்பட்டது. அப்பரணுக்கு அவர்கள் இட்ட பெயர் ஏறுமாடம். எவ்வளவு அழகிய சொல்!

பழைய முறைப்படி ஊருக்குத் தலைவன் மூட்டுக்காணி. நோய்க்கு மருந்தும், தெய்வத்துக்குப் பூசையும் செய்பவர் பிலாத்தி. ஊராரைக் கூட்டி வருபவர் விளிகாணி. 'விளித்தல்' என்றால் அழைத்தல் என்று நமக்குச் சொல்லவேண்டுவதில்லை. நோயுற்றவர் பக்கத்தில் பிலாத்தி அமர்ந்து, பற்கள் வெட்டிய இரும்புக் குழலை மற்றோர் இரும்புக் கம்பியால் உரசி ஒலியெழுப்பிப் பாடுவார். அக்கருவியின் பெயர் கொக்கரை. பாட்டின் பெயர் சாற்றுப்பாட்டு. அவர் பேசும் மொழி தமிழும் மலையாளமும் பிரியாத ஒரு பழைய பேச்சு. நாம் மெதுவாகப் பேசினால் அவர்க்குப் புரிகிறது. அவர் மெதுவாகப் பேசினால் நமக்கும் புரிகிறது. மலைக்குக் கிழக்கே பாபநாசத்தை அடுத்த காடுகளிலும், தெற்கே குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறைப் பக்கத்திலும் இதே மக்கள் வாழ்கின்றனர். 1956 நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, பழைய திருவிதாங்கூர் நாடு இரண்டு மாநிலங்களிடையே பிரிந்தது. அதனால் அந்நாட்டுக் காணிக்காரரும் இரு மாநிலத்துக் குடிகளாயினர். 2011ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி கேரளத்தில் மட்டும் அவர்கள் இருபதாயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர்.

பெயரும் உரிமையும்

'காணி' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். நம் கல்வெட்டுகளில் காணி என்பது பரம்பரையாக வரும் நில உரிமையைக் குறிக்கும். காணியாட்சி, காணியாளர் என்ற சொற்களை வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆகவே காணிக்காரர் என்றால் நிலத்துக்கு உரியவர் என்று பொருள் சொல்வாருண்டு. திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கும் இவர்களுக்கும் நெடுநாள் உறவு உண்டு. ஓணக் காலத்தில் தேன், வாழைக்குலை, மூங்கிற் பொருள்கள் முதலியவற்றைக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு இவர்கள் கவடியாறு அரண்மனைக்குச் செல்வது வழக்கம்.

ஆனால் பெயரில் நிலம் இருந்த இவர்களிடம் பத்திரத்தில் நிலம் இல்லை. காடு காட்டிலாகாவின் உடைமை ஆனது. அதனுள் வாழ்ந்தவர் வெறும் குடியிருப்போர் ஆயினர். பாட்டன் நட்ட பலாமரத்தின் அடியில் நிற்கும் பேரனும், சட்டத்தின் பார்வையில், அயலான் நிலத்தில் நிற்பவனே. இந்தக் குறையை நீக்கவே 2006இல் வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்வோர்க்கு, உழுது உண்ணும் நிலத்தின்மீதும், தேன், மூலிகை முதலிய சிறு வனப்பொருள்கள்மீதும் உரிமை உண்டு என அச்சட்டம் ஒப்புக்கொண்டது. அதன் மூன்றாம் பிரிவில் மற்றோர் உரிமையும் எழுதப்பட்டுள்ளது. காட்டின் உயிர்வகைகளைப் பற்றி அம்மக்கள் வழிவழியாகப் பெற்ற அறிவும் அவர்களின் பொதுவுடைமை என்பதே அது. நிலத்தைப் போலவே அறிவும் ஒரு காணிதான் எனச் சட்டம் கூறுகிறது. இந்த எண்ணம் பிறப்பதற்கு வழிகாட்டிய நிகழ்ச்சிகளுள் ஒன்று நம் வளாகத்துக்கு அண்மையிலுள்ள மலையிலேயே நிகழ்ந்தது. அதனை இனிக் காண்போம்.

மலையேறிய விஞ்ஞானம்

இம்மலைக்கு விஞ்ஞானம் வந்தது நேற்றன்று. திருவனந்தபுரத்து வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராக 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன் என்பவர், அகத்தியர்கூடத்தின் உச்சியிலேயே ஓர் ஆராய்ச்சிக்கூடம் அமைத்துப் பூமியின் காந்தப் புலத்தை அளந்தார். கடல்மட்டத்தில் காணும் காந்த மாறுதலும், ஆறாயிரம் அடி உயரத்தில் காணும் மாறுதலும் ஒத்திருக்கின்றனவா என்பது அவர் கேட்ட கேள்வி. அவ்வளவுகள் 1874இல் நூலாக வெளிவந்தன. அந்நூலால் பிரௌனின் பெயர் நிலைத்தது. அட்டையும் யானையும் நிறைந்த அக்காட்டின் வழியே கருவிகளைத் தூக்கிச் சென்ற தோள்களுக்கு உரியவர் பெயரை உலகம் அறியாது. விஞ்ஞான வரலாற்றில் இது பெருவழக்கு. வழிகாட்டுபவன் ஒருவன், கண்டுபிடித்தவன் என்று பெயர் பெறுபவன் மற்றொருவன்.

1987 டிசம்பரில் மற்றொரு குழு இம்மலை ஏறிற்று. பழங்குடி மக்களின் தாவர அறிவைத் தொகுக்கும் அனைத்திந்தியத் திட்டத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் குழு அது. அதற்குத் தலைவர் பி. புஷ்பாங்கதன். வழிகாட்டிகளாக உடன் சென்றவர்கள் காணி இளைஞர்கள். ஏற்றம் கடினமானது. விஞ்ஞானிகள் மூச்சுவாங்கிச் சோர்ந்து அமர்ந்தபோதெல்லாம் வழிகாட்டிகள் சோர்வின்றி இருந்தனர். நடுநடுவே அவர்கள் ஒரு சிறு காயை வாயிலிட்டு மென்றதை விஞ்ஞானிகள் கவனித்தனர். அவர்களுக்கும் அக்காய் கொடுக்கப்பட்டது. உண்டதும் களைப்பு நீங்கிற்று என்று அவர்கள் பின்னர் எழுதினர்.

அது எந்தச் செடியின் காய் என்று கேட்டபோது வழிகாட்டிகள் உடனே சொல்லிவிடவில்லை. அது தம் முன்னோரிடமிருந்து வந்த அறிவு, வெளியார்க்குச் சொல்லலாகாது என்றனர். தவறாகப் பயன்படுத்தோம், ஆராய்ந்து பயன் கிடைத்தால் அதில் உங்களுக்கும் பங்கு தருவோம் என்று குழுவினர் உறுதி கூறிய பின்னரே செடியைக் காட்டினர். இந்த உறுதிமொழியே இக்கதையின் உயிர்நாடி.

ஆரோக்கியப்பச்சை

காணிக்காரர் அச்செடியை ஆரோக்கியப்பச்சை என்பர். தாவர நூலில் அதன் பெயர் டிரைக்கோப்பஸ் செய்லானிக்கஸ். பெருவள்ளியும் கவலைக்கிழங்கும் அடங்கிய குடும்பத்திலேயே இன்று இதனையும் சேர்த்திருக்கின்றனர். ஆயினும் இது கொடியன்று; ஓடைக்கரை நிழலில் தரையோடு தரையாக வளரும் சிறு பூண்டு. பெயரில் 'செய்லானிக்கஸ்' என இருப்பதால் இலங்கையிலும் இது உண்டு என்பது விளங்கும்; மலேயாவிலும் உண்டு. செடி பல நாட்டில் வளர்கிறது. அதன் காயை உண்டால் சோர்வு நீங்கும் என்பதை விஞ்ஞான உலகம் அறிந்தது மட்டும் காணிக்காரர் வாயிலாகவே.

இங்கே நம் மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். 'காட்டில் ஒருவர் சொன்னார் என்பது எப்படி மருந்தாகும்?' நல்ல கேள்வி. சொன்னது சொன்னபடியே மருந்தாவதில்லை. முதலில் செடியை ஐயமற அடையாளம் காணவேண்டும். அடுத்து, அதன் பகுதிகளைப் பிரித்து, எப்பகுதியில் எப்பொருள் உண்டு என்று வேதியியல் முறையில் ஆராயவேண்டும். பின்னர் விலங்குகளுக்குக் கொடுத்து, பயன் உண்டா, நஞ்சு உண்டா என்று சோதிக்கவேண்டும். ஜம்முவிலுள்ள வட்டார ஆராய்ச்சிக்கூடத்திலும், நமக்கு அண்மையில் பாலோட்டில் 1979இல் நிறுவப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்திலும் இவ்வாராய்ச்சிகள் நடந்தன. காணிக்காரர் உண்டது காயை. சோர்வு நீக்கும் பொருள்கள் இலையிலும் உள்ளன என்பதை ஆராய்ச்சி காட்டிற்று. காயை மட்டும் நம்பினால் ஆண்டில் சிலகாலமே கிடைக்கும். இலையானால் செடியைப் பிடுங்காமலே பறிக்கலாம். இந்த இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாலோட்டு நிலையத்தார் ஒரு மருந்து அமைத்தனர். அதற்கு 'ஜீவனி' எனப் பெயரிட்டனர்.

எனவே இம்மருந்துக்குப் பெற்றோர் இருவர். எந்தச் செடி என்று காட்டியது காட்டின் அறிவு. அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு கொடுக்கலாம் என்று காட்டியது ஆராய்ச்சிக்கூடத்தின் அறிவு. ஆயிரக்கணக்கான செடிகளுள் ஒன்றைச் சுட்டிக்காட்டும் அறிவு இல்லாவிடின், எந்த ஆராய்ச்சிக்கூடமும் இருட்டில் தேடவேண்டியதுதான்.

பங்கும் குறையும்

1995இல் ஜீவனியைச் செய்து விற்கும் உரிமம் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய நிறுவனத்துக்கு ஏழாண்டுகளுக்கு அளிக்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய்; அதன்மேல் விற்பனையில் நூற்றுக்கு இரண்டு ராயல்டி. இவ்விரண்டிலும் சரிபாதியைக் காணிக்காரர்க்கு அளிப்பது என்று பாலோட்டு நிலையம் முடிவு செய்தது. அக்காலத்தில் இந்தியாவில் இதற்கெனச் சட்டம் ஏதும் இல்லை. 1992இல் உலக நாடுகள் ரியோ நகரில் உயிர்வகைமை உடன்படிக்கை செய்துகொண்டிருந்தன, அதில் 'அறிவுக்கு உரிய மக்களுடன் பயனைப் பகிர்க' என்ற கொள்கை இருந்தது, வழிமுறை இல்லை. அவ்வழிமுறையை முதலில் நடத்திக் காட்டியவற்றுள் ஒன்று இந்த மலைநாட்டு ஏற்பாடு. 2002இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் நடந்த உலக மாநாட்டை ஒட்டி இதற்காகப் புஷ்பாங்கதனுக்குப் பரிசும் அளிக்கப்பட்டது. அதே 2002இல் இந்தியாவில் உயிர்வகைமைச் சட்டம் பிறந்தது. 2010இல் உலகளவில் நகோயா ஒப்பந்தம் வந்தது.

பெருமைப்படத் தக்க செய்தி இது. ஆயினும் பெருமையோடு நிறுத்திவிட்டால் கதையின் பாதியை மறைத்தவர்களாவோம். மறுபாதியையும் கேளுங்கள்.

பணத்தை யாரிடம் கொடுப்பது? காணிக்காரர்க்கு என ஓர் அமைப்பு இல்லை. 1997 நவம்பரில்தான் கேரளக் காணி சமுதாய நல அறக்கட்டளை பதிவாயிற்று. 1999 பிப்ரவரியில் சுமார் 5 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய் அதன் கைக்கு வந்தது. இதில் 5 லட்சம் உரிமக் கட்டணத்தின் பாதி. எனவே ராயல்டியின் பங்காக வந்தது ஏறத்தாழ 19 ஆயிரம் ரூபாயே. கணக்கைப் பார்த்தால் காரணம் தெரியும். 100 ரூபாய் மருந்து விற்றால் ராயல்டி 2 ரூபாய். அதில் காணிக்காரர்க்கு 1 ரூபாய். பெரும் விற்பனை நடந்தாலன்றி இதனால் ஊர் வளம் பெறாது.

விற்பனை பெருகவேண்டுமானால் இலை வேண்டும். காணிக்குடும்பங்கள் தம் தோட்டத்தில் ஆரோக்கியப்பச்சையைப் பயிரிட்டு இலையை விற்கலாம் என ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. இயல்பான காட்டுச் சூழலுக்கு வெளியே வளர்த்தால் குணம் குன்றுகிறது என்றும் கூறப்பட்டது. ஆகவே காட்டோரத்துக் காணி நிலமே அதற்கு ஏற்ற இடம். ஆனால் காட்டிலாகா குறுக்கிட்டது. தோட்டத்து இலை எது, காட்டில் களவாகப் பறித்த இலை எது என்று பிரித்தறிய முடியாது. வெளியார் புகுந்து செடியை வேரோடு பிடுங்கிச் செல்வர் என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் விளைவு என்ன? காட்டைக் காக்க எழுந்த விதி, காட்டைக் காத்தவர் பயிரிட்ட இலைக்கும் தடையாயிற்று. நிலத்தின்மேல் உரிமை உறுதியாக இராதவனுக்கு அறிவின்மேல் உரிமை அளித்தால் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இது சான்று.

இவற்றினும் ஆழமான குறை ஒன்றுண்டு. செடியைக் காட்டிய இளைஞர்கள் குற்றிச்சல் பஞ்சாயத்தைச் சேர்ந்தவர்கள். விஞ்ஞானிகள் தொடர்ந்து பழகியதும் அப்பகுதியாரிடமே. ஆனால் அறிவு அவ்விளைஞர்க்கு மட்டும் உரியதன்று. மலையெங்கும் உள்ள காணி ஊர்களுக்கும், சிறப்பாகப் பிலாத்திகளுக்கும் உரியது. நம் விதுரையையும் பக்கத்துப் பெரிங்ஙம்மலையையும் சேர்ந்த காணிக்காரர், எங்களை யாரும் கேட்கவில்லையே என்றனர். 1995இல் ஒன்பது பிலாத்திகள் சேர்ந்து, எங்கள் அறிவைத் தனியார்க்கு விற்கலாகாது என முதலமைச்சருக்கே கடிதம் எழுதினர். உரிமப் பத்திரத்திலோ காணிக்காரர் ஒரு தரப்பாகக் கையெழுத்திடவில்லை. நிலையமும் நிறுவனமும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது; அதன் பயனில் ஒரு பங்கு அவர்க்குத் தரப்பட்டது. கொடுப்பவர் நல்லவராயிருந்ததால் கிடைத்த பங்கு வேறு; கேட்டுப் பெறும் உரிமை வேறு அன்றோ?

இதனால் அந்த விஞ்ஞானிகளைக் குறைகூறுவது என் கருத்தன்று. பிறர் எவரும் நினையாத காலத்தில் அவர்கள் பங்கு கொடுத்தனர். முதலில் நடப்பவன் கால் இடறத்தான் செய்யும். பின்னால் வருகிற நாம் அந்த இடத்தைப் பார்த்து நடக்கவேண்டும்.

கல்லாற்று மூதாட்டி

பொன்முடி செல்லும் வழியில் கல்லாற்றுப் பாலத்தருகே நம் பேருந்து நிற்கும். அங்கிருந்து காட்டுக்குள் அமைந்தது மொட்டமூடு என்னும் காணிக் குடியிருப்பு. 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்ற லட்சுமிக்குட்டி அம்மையாரின் ஊர் அதுவே. 1950களில் காட்டு வழியே பல கிலோமீட்டர் நடந்து பள்ளி சென்று, எட்டாம் வகுப்பு வரை படித்தவர் அவர். அக்காலத்தில் காணிப் பெண்ணொருத்தி அவ்வளவு படித்தது அரிய செய்தி. மூலிகை அறிவை அன்னையிடம் கற்றார். அன்னையார் அவ்வூரில் பேறு பார்க்கும் மருத்துவச்சி. நச்சு மருத்துவத்தில் புகழ்பெற்ற அவர், நூற்றுக்கணக்கான மருந்துகளை ஏட்டில் எழுதாமல் நினைவிலேயே வைத்திருந்தார். கவிதையும் எழுதினார்; கேரள நாட்டுப்புறக் கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார். விருது பெற்றபோதும் அவர் வாழ்ந்தது காட்டினுள் ஓலை வேய்ந்த எளிய குடிலில். நாட்டின் பெரிய விருது அவ்வீட்டை அடைந்தது. நல்ல சாலை அடையவில்லை.

இங்கே விஞ்ஞான மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். மதித்தல் வேறு, சோதியாது நம்புதல் வேறு. பாம்பு கடித்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அங்கே உள்ள நச்சுமுறி ஊசிக்கு ஈடு இன்று வேறில்லை. பழங்குடியார் சொல்வதெல்லாம் மூடநம்பிக்கை என்று எள்ளுவதும் பிழை. அவர் சொல்வதெல்லாம் மறைபொருள் என்று வணங்குவதும் பிழை. இரண்டிலும் நாம் அவர்களோடு பேசுவதில்லை. கேட்டல், சோதித்தல், பயனைப் பகிர்தல் என்னும் மூன்றுமே சரியான வழி.

ஒரு நாள் நிகழ்ச்சி

சென்ற ஆண்டு நண்பர் மூவருடன் நானும் ஒரு காணிக் குடியிருப்புக்குச் சென்றிருந்தேன். ஒரு பாட்டி எங்களைத் திண்ணையில் அமர்த்தி, அவித்த மரச்சீனியும் காந்தாரி மிளகாயும் தந்தார். பேச்சு மூலிகை பக்கம் திரும்பிற்று. முற்றத்து ஓரத்தில் நின்ற ஒரு செடியைக் காட்டி இது எதற்கு என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார். உடனே நான் குறிப்பேட்டை எடுத்தேன்; நண்பர் கைப்பேசியில் படம் பிடித்தார். பாட்டி நிறுத்திவிட்டார்.

"மக்களே, இதை எழுதிக்கொண்டு போய் என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார்.

"படிக்கத்தான் பாட்டி" என்றேன்.

"முன்னாலே வந்தவங்களும் அப்படித்தான் சொன்னாங்க. எழுதிக்கொண்டு போனவங்களில் ஒருத்தரும் என்ன ஆச்சுன்னு சொல்லத் திரும்பி வரவில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் மரச்சீனி எடுத்து என் இலையில் வைத்தார்.

எனக்கு நாணமாயிற்று. குறிப்பேட்டை மூடினேன். ஐந்தாண்டுகளாக வேதியியல் பயிலும் எனக்கு, ஒரு கரைசலின் செறிவை எத்தனை தசமத் தானம் வரை அளக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தனர். செடியின் பெயரைக் கேட்கும் முன், கேட்கலாமா என்று கேட்கவேண்டும் என்பதை நான் கற்றது அன்று அந்தத் திண்ணையில். அவர் சொல்லத் தொடங்கிய அந்தச் செடியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுத எனக்கு இசைவு இல்லை.

நாம் செய்யக்கூடியவை

அப்படியானால் மாணவராகிய நாம் என்ன செய்யலாம்? பெரிய செயல்கள் வேண்டா. நம்மால் இயன்றவை சிலவுண்டு.

முதலாவது, இம்மலையில் ஆய்வுக்கெனச் செல்வோர் காட்டிலாகாவின் அனுமதியோடு நின்றுவிடாமல், அவ்வூராரின் இசைவையும் பெறுதல் வேண்டும். எதற்காகக் கேட்கிறோம், யாரிடம் காட்டுவோம், இதனால் வருமானம் வந்தால் என்னாகும் என்பவற்றை அவர்க்குப் புரியும் பேச்சில் சொல்லவேண்டும். தமிழர்க்கு இதில் ஒரு வாய்ப்புண்டு. அவர் பேச்சும் நம் பேச்சும் நெருங்கியவை. மொழிபெயர்ப்பாளர் வேண்டாமலே நம்மால் உரையாட இயலும்.

இரண்டாவது, திரும்பிச் செல்லுதல். ஆய்வு முடிந்ததும் முடிவை அவ்வூர்த் திண்ணையில் அமர்ந்து சொல்லவேண்டும். பயன் ஒன்றும் காணவில்லை என்றாலும் அதையும் சொல்லவேண்டும். பட்டத்துக்கான ஆய்வுரையை ஆசிரியர் மூவர் படிக்கின்றனர்; அதன் சாரத்தை ஊரார் முப்பது பேர் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

மூன்றாவது, உயிர்வகைமைச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் மக்கள் உயிர்வகைப் பதிவேடு உண்டு. அவ்வூரின் செடி, விலங்கு, அவற்றைப் பற்றிய அறிவு ஆகியவற்றை ஊராரே பதியும் ஏடு அது. தாவரங்களைச் சரியாக அடையாளம் காணவும், எதைப் பொதுவில் எழுதலாம், எதை எழுதலாகாது என்று ஊரார் முடிவு செய்யவும் நாம் துணை நிற்கலாம். எழுத்தில் இராத அறிவைப் பிறர் தமது கண்டுபிடிப்பு என்று சொல்லிக் கொள்வது எளிது. 'ஜீவனி' என்ற பெயரையே அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தன் வணிகக்குறியாகப் பதிந்துகொண்டதை நினைவிற் கொள்ளுங்கள்.

நான்காவது, இவ்வூர்களின் குழந்தைகள். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் பள்ளிக்குப் போக வழியில்லை. யானை நடமாட்டம் இருந்தால் மாலையில் திரும்ப வழியில்லை. நம் ஆராய்ச்சிக்கூடத்தை ஒருநாள் அவர்களுக்குத் திறந்து காட்டலாம். தம் பாட்டி சொன்ன இலையை நுண்பெருக்கியில் பார்க்கும் ஒரு காணிச் சிறுமி, நாளை அந்த இலையைத் தானே ஆராயக்கூடும். அன்று வழிகாட்டுபவரும் கண்டுபிடிப்பவரும் ஒருவரேயாவர். பங்கு கேட்கவேண்டிய தேவையும் இராது.

நண்பர்களே! அகத்தியர் வடக்கிலிருந்து வந்து இம்மலையில் அமர்ந்து மருந்தும் மொழியும் தந்தார் என்பது நம் கதை. அக்கதையைச் சொல்ல வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆனால் மருந்தறிவைத் தலைமுறைதோறும் நினைவில் சுமந்து இம்மலையில் வாழ்ந்தவர்கள் கண்முன் இருக்கின்றனர். அவர்கள் கதைமாந்தர் அல்லர். ரேஷன் கடைக்கு வருபவர்கள், பேருந்தில் நம் பக்கத்து இருக்கையில் அமர்பவர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்முடிக்குச் செல்லும்போது கல்லாற்றுப் பாலத்தில் பேருந்து நிற்கும். அப்போது வலப்புறமும் இடப்புறமும் பாருங்கள். மரங்களுக்கிடையே ஏறிச் செல்லும் ஒற்றையடிப் பாதைகள் தெரியும். அவற்றின் முடிவில் ஓர் ஊர் உண்டு என்பதை அறிந்துகொண்டு மேலே செல்லுங்கள்.

நானும் அந்தப் பாட்டியிடம் மறுபடி செல்லவேண்டும். இம்முறை கேட்பதற்கன்று. இக்கட்டுரையை அவரிடம் படித்துக் காட்டுவதற்கு.